யாருக்கு உதவியாளர்?

பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. ஆசிரியர் உதவியாளராக இருந்த காலத்தையும் என் சேவைக் காலத்தோடு சேர்க்கும்படி கேட்டு எழுதியிருந்தேன். அது பயிற்சிக் காலம், ஆகவே சேர்க்க முடியாது என்று பதில். கடிதம் சிங்களத்தில் இருந்ததால் அதை வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னவர் எங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழி படிப்பிக்கும் சேர். வாசித்து முடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்துவிட்டு, "தேத்தண்ணி குடிங்க டீச்சர், ஆறுது" என்றார். வேறென்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

சேர்க்க முடியாது என்பதைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். பயிற்சிக் காலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. யார் எனக்குப் பயிற்சி தந்தது? எந்த நாளில், எந்த அறையில்? அதைக் கேட்கத்தான் இந்த மடல். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று பெயர் போடவில்லை. ஒரு மேசையில் நடந்த பிழை என்றால் அந்த மேசைக்கே எழுதியிருப்பேன்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், அப்பா வாச்சர். உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை, கெம்பஸ் கனவு அதோடு சரி. 2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,021 ஆசிரியர் உதவியாளர்களை எடுக்கப் போவதாக வர்த்தமானி வந்தது. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒரு வரிசையிலிருந்து மட்டும், நாலு பேர் விண்ணப்பம் போட்டோம்.

இந்தத் திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டப் பகுதியில் வசிக்கிற, உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகளை எடுத்து, ஆசிரியர் தட்டுப்பாடான தோட்டப் பாடசாலைகளில் போடுவது. மாதம் ஒரு கொடுப்பனவு. குறித்த காலத்துக்குள் ஆசிரியர் பயிற்சியை முடித்தால் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குவது. வழக்கமான வழி வேறு: கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகி, இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படித்து, ஒரு வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்து, அதற்குப் பிறகுதான் நியமனம். அவர்கள் நீந்தப் பழகிவிட்டு ஆற்றில் இறங்குகிறார்கள். எங்களை ஆற்றில் தள்ளிவிட்டு, கரை சேர்ந்தால் நீச்சல் வகுப்பு இருக்கிறது என்றீர்கள்.

சரி, விண்ணப்பத்திலிருந்தே வருகிறேன். திரும்பவும் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவியாளர் எடுப்பது பற்றிய பேச்சு அடிபடுகிறது, அந்தப் படிவம் மறுபடியும் லயங்களுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் பதிவாளர் காதில் எப்படி விழுந்ததோ அப்படிச் சிங்களத்தில் இருக்கிறது. அவருடைய அடையாள அட்டையில் அது வேறு மாதிரி. என் சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்து ஒன்று குறைவு. (முதலெழுத்து ஒன்று குறைந்தால் தலையெழுத்தே மாறிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) எல்லாம் ஒரே குடும்பம், ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க ஒரு நாள் போனது. அடுத்தது வதிவிடச் சான்றிதழ். கிராம உத்தியோகத்தருக்கு எங்கள் தோட்டத்தோடு சேர்த்து நாலு தோட்டம், கிழமைக்கு இரண்டு நாள்தான் ஆளைப் பிடிக்கலாம். அவர் தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார். தோட்ட ஆபிசில் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், கையெழுத்து வைக்க வேண்டும், துரை கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். துரை வந்த அன்று பெரிய கிளாக்கர் லீவு. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, தோட்டத்து ஆபிஸ் வாசலிலேயே நின்றுகொண்டு, நான் தோட்டத்தில்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க எனக்கு 11 நாள் எடுத்தது.

அதையெல்லாம் தாண்டியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் தபால். எங்கள் லயங்களுக்கு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. தபால்காரர் தோட்ட ஆபிசோடு நின்றுவிடுவார். அங்கே கிளாக்கரின் மேசையோரத்தில் ஒரு பிஸ்கட் பெட்டி, எல்லாருடைய கடிதமும் அதற்குள்தான். யாராவது அந்தப் பக்கம் போனால், போனவருக்கு நினைவிருந்தால், நினைவிருந்தவர் எங்கள் லயத்தைக் கடந்து போனால் கடிதம் வந்து சேரும். எனக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் கிடைத்தது தேர்வுக்கு முதல் நாள் பின்னேரம் நாலரைக்கு. பால் கொண்டுபோன பையன் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தான். மடிப்பில் பால் வாசம் அடித்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, அப்பாவும் நானும் டோர்ச் லைட்டோடு இறங்கி, மஸ்கெலியாவில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை வெளி மதில் வரைக்கும் நின்றது. அந்த வரிசையில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, நான் யாருடைய லிஸ்ட்டில் வந்தேன் என்பது. கேட்டது அதிகாரி இல்லை, எனக்கு முன்னால் நின்ற இன்னொரு விண்ணப்பதாரிதான். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். யார் எத்தனை புள்ளிக்குத் தெரிவானார்கள் என்று எங்கேயாவது ஒட்டியிருந்தால் அவள் ஏன் அப்படிக் கேட்கப் போகிறாள்?

எங்கள் லயத்திலிருந்து விண்ணப்பித்த நாலு பேரில் ஒருத்தியின் கடிதம் தேர்வு முடிந்து நாலாம் நாள் அதே பிஸ்கட் பெட்டியிலிருந்து வந்தது. அவள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், இரண்டு பாடங்களில் என்னைவிட நல்ல பெறுபேறு. உறையில் இருந்த தபால் முத்திரையைக் காட்டி, கடிதம் பிந்தித்தான் வந்தது என்று சொல்ல அவளும் அவள் அம்மாவும் அவ்வளவு தூரம் போனார்கள். பட்டியல் மூடியாகிவிட்டது என்ற ஒரு வசனத்தோடு திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு அவள் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்துப் பார்ப்பாள், சிலவேளை திருத்தியும் தருவாள். அவளுடைய திருத்தம் என்னுடையதைவிட வடிவு.

இனி அந்தப் பயிற்சிக் காலத்துக்கு வருகிறேன்.

2015இல் நியமனக் கடிதம் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை, தரம் ஐந்து வரைக்கும். ஒரே ஒரு நீள மண்டபம், இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை. தோட்ட நிர்வாகங்கள் பாடசாலை நடத்திய காலத்துக் கட்டடம் அது. 1977க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பெடுத்தபோது பெயர்ப்பலகை மாறியது, தகரம் மாறவில்லை. என் அப்பா அதே மண்டபத்தில்தான் படித்தார், மழை வந்தால் அவர் காலத்தில் எந்த மூலை ஒழுகியதோ அதே மூலை என் காலத்திலும் ஒழுகியது.

நான் போன அன்று அதிபர் என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆசிரியர் உதவியாளர் என்று வாசித்துவிட்டு ஒரு சிரிப்பு. "உதவியாளரா? இங்க யாருக்கும்மா உதவி செய்யப் போறீங்க? நானும் இன்னொரு டீச்சரும்தான் இருக்கோம், அவங்களும் நாளையிலிருந்து பிரசவ லீவு." பிறகு மண்டபத்தின் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நின்ற இரண்டு கரும்பலகைகளைக் காட்டினார். அந்தப் பக்கம் தரம் 3, இந்தப் பக்கம் தரம் 4. இரண்டிலுமாக 34 பிள்ளைகள். இரண்டும் எனக்கு. வெண்கட்டிப் பெட்டியைக் கையில் தந்தார், அதுதான் எனக்கு நடந்த அறிமுகப் பயிற்சி, முழுப் பயிற்சி, மேலதிகப் பயிற்சி எல்லாம்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரே தரம் 1, 2, 5 மூன்றையும் பார்த்துக்கொண்டு, அலுவலகத்துக்கு அறிக்கையும் எழுதிக்கொண்டு இருந்தவர்.

ஒரு பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தரம் 3இல் ஒரு பையன். கையெழுத்து அச்சு வைத்த மாதிரி. நான் பலகையில் எதை எழுதினாலும் அவன் கொப்பியில் அதைவிட வடிவாக இருக்கும், ழகரத்தின் சுழி ஒன்றும் பிசகாது. கெட்டிக்காரன் என்று நினைத்து அவனை முன் வாங்கில் வைத்தேன், மற்றப் பிள்ளைகளுக்கு அவன் கொப்பியைத் தூக்கிக் காட்டியும் இருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை மூடும் நேரத்தில் பலகையில் "நாளை பாடசாலை இல்லை" என்று எழுதி எல்லாரையும் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன். மறுநாள் ஏதோ ஒரு பதிவேட்டை எடுக்க நான் அங்கே போனபோது மணி எட்டரை. பூட்டின கதவுக்கு முன்னால் படியில் அவன் பையோடு உட்கார்ந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, ஈரத் தலை, கால்மேட்டில் அட்டை கடித்த இரத்தம். "நேத்து எழுதிட்டுப் போனியே, வாசிக்கலயா?" என்றேன். கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினான். நாளை பாடசாலை இல்லை. அவ்வளவு அழகாக எழுதியிருந்தான். அவனுக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அத்தனை மாதமும் அவன் எழுதவேயில்லை, படம் வரைந்திருக்கிறான்.

அவன் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எட்டு வயதில் எங்கிருந்து தொடங்குவது, மற்ற 33 பேரை அந்த நேரம் என்ன செய்ய வைப்பது, இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உயர்தரத்தில் நான் படித்தது தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும். எனக்கு என் அம்மா எப்படி அரிசியில் எழுத வைத்தாரோ அதைத்தான் அவனுக்கும் செய்து பார்த்தேன், அதுவும் இரண்டு வகுப்புக்கு நடுவில் கிடைத்த பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கொஞ்சம் பிடித்தான், நிறைய விட்டான்.

வகுப்புக்குப் போய் 16 மாதம் கழித்துத்தான் என்னை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பினீர்கள். அங்கே பல்தர வகுப்புக் கற்பித்தல் என்று ஒரு பாடம் நடந்தது. ஒரு குழுவுக்கு வேலை கொடுத்துவிட்டு இன்னொரு குழுவோடு எப்படி இருப்பது, பார்த்தெழுதும் பிள்ளையையும் வாசிக்கும் பிள்ளையையும் எப்படிப் பிரித்தறிவது என்று விரிவுரையாளர் பலகையில் எழுதிக்கொண்டு போகிறார். நல்ல விரிவுரையாளர், நல்ல பாடம், நான் குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தப் பையன் தரம் 5இல், புலமைப்பரிசில் பரீட்சைத் தாளைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தான்.

ஆகவே பயிற்சிக் காலம் என்று எனக்கு எழுதாதீர்கள். கலாசாலையில் இருந்த இரண்டு வருடத்தைப் பயிற்சி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் 16 மாதம், முடித்து வந்து உள்வாங்கும் கடிதத்துக்காகக் காத்திருந்த 5 மாதம், மொத்தம் 21 மாதம் நான் தனியே வகுப்பு நடத்தினேன். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன், தவணைப் பரீட்சைக்குத் தாள் அடித்தேன், பெற்றோர் கூட்டத்தில் திட்டு வாங்கினேன். அதைப் பயிற்சி என்றால் 34 பிள்ளைகளை நீங்கள் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நகரத்துப் பாடசாலையில் எந்தப் பெற்றோரிடமாவது போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க முடியாது. எங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தந்தீர்கள். அந்த வருடம் கொழுந்து எடுக்கும் ஆளுக்கு வரவுப் படியெல்லாம் சேர்த்து நாளுக்கு 620 ரூபாய். மாதத்தில் 20 பேர் விழுந்தால், அதாவது 20 நாள் வேலை பதிவானால், 12,400. அதாவது என்னைத் தோட்டத்து வேலைக்குப் போகவிடக் கூடாது என்று 15 வருடம் படிக்க வைத்த என் அம்மா, தோட்டத்து வேலைக்குப் போய் என்னைவிட இரண்டு மடங்கு உழைத்தார். அதுவும் எங்கள் கொடுப்பனவு மாதம் முடிந்தவுடன் வந்ததாக நினைக்காதீர்கள். எனக்கு முதல் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை, பஸ் காசு அம்மாவின் அட்வான்சிலிருந்துதான் போனது. பிறகு 10,000 ஆக்கினார்கள், நல்லது. கலாசாலையில் விடுதியில் தங்கிச் சாப்பிட்டு, கொப்பி புத்தகம் வாங்கி, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக அந்தப் பத்தாயிரம் எப்படிப் போதும் என்று கணக்குப் பார்த்தவர் யார் என்றுதான் தெரியவில்லை. என்னோடு இருந்த ஒரு பெடியன் சனி ஞாயிறுகளில் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போவான், திங்கட்கிழமை காலை விரிவுரையில் கை நடுங்கும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, திட்டமே வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டும். எனக்கு முன்னால் எங்கள் பாடசாலைக்கு வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வந்தவர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள்தான். ஆனால் பஸ் இல்லாத ஊர், தங்க இடம் இல்லை, அட்டைக்கடி, குளிர். வந்த அன்றே இடமாற்ற விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடுவார்கள், யார்தான் எழுதமாட்டார்கள். நாங்கள் போகவில்லை. போக இடமும் இல்லை, போக மனமும் இல்லை. பிள்ளை ஏன் இன்றைக்கு வரவில்லை என்றால் எங்களுக்குத் தெரியும்: சம்பள நாள், அம்மா டவுனுக்குக் கூட்டிப் போயிருப்பார், அல்லது தங்கச்சிக்குக் காய்ச்சல், பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், சேர்க்கமாட்டார்கள், அதனால் இவள் வீட்டில் நிற்கிறாள். எந்த லயத்தில் கரண்ட் இல்லை, யாருடைய அப்பா எப்போது சத்தம் போடுவார், வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையை அடிக்க வேண்டுமா விட வேண்டுமா, இதற்கெல்லாம் கலாசாலைப் பாடம் தேவையில்லை, நாங்கள் அதே லயத்திலிருந்து வருகிறோம். தோட்டப் பாடசாலைக்குத் தோட்டத்துப் பிள்ளையே ஆசிரியராகப் போவது உங்கள் திட்டத்தில் இருக்கும் மிகச் சரியான யோசனை. அதைச் செய்த விதத்தில்தான் எங்களையும் மலிவாக எடுத்தீர்கள், எங்கள் பிள்ளைகளையும் மலிவாக நினைத்தீர்கள்.

மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் மேடை போட்டுப் பேசினார்கள். நடைபயணம், கண்காட்சி, நாடகம் எல்லாம் நடந்தது, நானும் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பேசியவர்களில் கல்விதான் விமோசனம் என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. அந்தக் கல்வியை யார் கொடுக்கிறார்கள், எவ்வளவுக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதை இன்றைக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன சனிக்கிழமை என் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். 2015இல் அந்த மண்டபத்தில் இந்தப் பக்கம், தரம் 4இல், கம்பி வலையோரமாக இருந்தவள். உயர்தரம் முடித்துவிட்டாள், மூன்று பாடமும் சித்தி, என்னை மாதிரியே வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் சான்றிதழ்களை அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள், வர்த்தமானி வந்தால் உடனே போடுவதற்குத் தயாராக. "போடவா டீச்சர்?" என்றாள். நான் உடனே போடு என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல பிள்ளை, பொறுமைசாலி, அவள் வகுப்பெடுத்தால் நான் போய்ப் பின் வாங்கில் உட்கார்வேன். ஆனால் என் வாயில் சொல் வரவில்லை. ஃபைலை வாங்கி, பெயர்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நேரம் கடத்தினேன். பிழை இருந்தது, அப்பாவின் பெயரில்.

அவளிடம் போடு என்று சொல்ல எனக்கு முடிய வேண்டும். அதற்காகத்தான் கீழே இருப்பவற்றைக் கேட்கிறேன்.

முதலில், யாரையும் வகுப்புக்கு அனுப்ப முன்னால் பயிற்சி கொடுங்கள். இரண்டு வருடம் கேட்கவில்லை. மூன்று மாதம் போதும்: வாசிப்பு எப்படித் தொடங்குவது, இரண்டு தரத்தை ஒரே நேரத்தில் எப்படி நடத்துவது, எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அந்த மூன்று மாதத்துக்கும் கொடுப்பனவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லயத்துப் பிள்ளை வரமாட்டாள். முதல் வருடம் முழுக்க, அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் மாதம் இரண்டு தடவையாவது அவள் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். தவறு பிடிக்க வேண்டாம், கூட இருந்தால் போதும். இந்த வேலைக்கு ஓய்வு பெற்ற தோட்டத்து ஆசிரியர்கள் எத்தனையோ பேர் கூப்பிட்டால் வருவார்கள்.

உதவியாளர் என்ற பெயரில் எடுத்து ஆசிரியரின் முழு வேலையையும் வாங்குவதாக இருந்தால், ஆசிரியர் சேவையின் ஆரம்பச் சம்பளத்தைக் கொடுங்கள். அது முடியாதென்றால், உதவியாளரைத் தனியாக ஒரு வகுப்புக்குப் பொறுப்பாகப் போடாதீர்கள். இரண்டில் ஒன்று. எதைச் செய்தாலும், மாதச் சம்பளம் மாதம் முடியும்போது வர வேண்டும்.

தனியே வகுப்பு நடத்திய மாதங்களைச் சேவைக் காலமாகக் கணக்கெடுங்கள். எனக்கு 21 மாதம். என்னோடு 2015இல் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும், வரவுப் பதிவேடுகள் அந்தந்தப் பாடசாலைகளில் இருக்கின்றன, அதிபர்கள் உறுதிப்படுத்துவார்கள். முடியாது என்றால் எந்தப் பிரமாணக் குறிப்பின் எந்தப் பிரிவின் கீழ் முடியாது என்று சொல்லுங்கள். தமிழில் எழுதுங்கள். தமிழில் விண்ணப்பித்தவளுக்குத் தமிழில் பதில் தருவது சட்டப்படி உங்கள் கடமை, எனக்கு நீங்கள் செய்யும் தயவில்லை.

விண்ணப்பத்துக்குத் தோட்டத்துத் துரையின் கையெழுத்தைக் கேட்காதீர்கள், சுற்றி வளைத்தும் கேட்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் தேசிய அடையாள அட்டை வைத்திருக்கும் பிரஜைகள், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, அது போதும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் விண்ணப்பத்தைத் தள்ளாமல், நேர்முகத்தின்போது சரிசெய்ய இடம் கொடுங்கள். அந்த எழுத்தைப் பிசக விட்டது பெரும்பாலும் அரசாங்கத்தின் பேனாதான்.

நேர்முகத் தேர்வை ஹட்டனில், நுவரெலியாவில், பதுளையில், பண்டாரவளையில், இரத்தினபுரியில் வையுங்கள். அதிகாரிகள் ஐந்து பேர் வருவது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விடியப்புறம் டோர்ச் லைட்டோடு இறங்குவதைவிட லேசு. தெரிவானவர்களின் பட்டியலைப் புள்ளிகளோடு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கடிதம் பிந்திக் கிடைத்தவர்களுக்கு, தபால் முத்திரையைக் காட்டினால், இன்னொரு திகதி கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. என்னிடம் வந்த அந்தப் பிள்ளையை விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டேன். அப்பாவின் பெயருக்குச் சத்தியக்கடதாசி முடிக்க நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லி அனுப்பும்போது தயவுசெய்து தோட்ட ஆபிஸ் விலாசத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். படிவத்தில் தொலைபேசி இலக்கம் இருக்கும். ஒரு குறுஞ்செய்தி போடுங்கள், குறைந்தது ஒரு கிழமைக்கு முன்னால்.

மஸ்கெலியாவிலிருந்து,
ஒரு முன்னாள் ஆசிரியர் உதவியாளர்